முதலையை நம்பியவன்

அந்தப் புதன்கிழமை வாசகர் வட்டத்துக்குப் போக லோர்னாவுக்கு இஷ்டமே இல்லை. போகாமல் இருக்கவும் வழியில்லை. டார்ட்டன் பே மாதிரி சின்ன ஊரில் ஒருத்தி வழக்கமாக வருகிற இடத்துக்கு ஒரு நாள் வரவில்லை என்றால், என்ன ஆச்சு ஏது ஆச்சு என்று கையில் கேக்கோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அன்பில்தான் வருவார்கள். அந்த அன்புதான் அவளுக்குப் பெரிய தொல்லை. ஒளிந்து வாழ நினைப்பவள் பெரிய நகரமாகப் பார்த்துப் போயிருக்க வேண்டும். கையில் இருந்த காசுக்கு இந்தக் கடலோரம்தான் வாய்த்தது. வாய்த்த ஊரோ யாரையும் சும்மா விடாத ஊர்.

ஊருக்குத் தெரிந்த லோர்னா மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரத்துக்காரி, புருஷன் செத்துப்போனவள், சுற்றுலாக்காரர்கள் தங்கும் கேரவன் பார்க்கில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். இதில் கடைசி ஒன்றுதான் உண்மை; அவள் பெயரும் மகளுடைய பெயரும்கூட இங்கே வந்து வைத்துக்கொண்டவை. அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் நாட்டின் மறுகோடியில், குயின்ஸ்லாந்தின் உள்பகுதியில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே. புருஷன் வேட் திடகாத்திரமாக உயிரோடு இருந்தான், மகள் ஐவியை ஊர் ஊராகத் தேடிக்கொண்டும் இருந்தான். பிள்ளை பாதி நாள் அப்பனோடு இருக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தது. அந்தப் பாதி நாளுக்குப் பயந்துதான் லோர்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கண்டுபிடித்தால் பிள்ளை கையைவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம், அதற்கு மேல் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

போக இஷ்டமில்லாததற்குக் காரணம் அந்த மாதப் புத்தகம். ரெக்ஸ் பான்ஃபீல்ட் எழுதிய ‘ஏழாம் நங்கூரம்’. பான்ஃபீல்ட் புத்தகம் என்றால் விமான நிலையக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் தடிமனான சரக்கு. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது, கீழே வைத்த பிறகு எதற்காக எடுத்தோம் என்று தெரியாது. இதில் ஒரு பெண் கொலைகாரர்களிடமிருந்து தப்பி ஓடுகிறாள். எரிகிற படகிலிருந்து குதிக்கிறாள், முதலையின் முதுகில் ஆறு கடக்கிறாள், விமானி செத்துப்போன ஹெலிகாப்டரைத் தானே இறக்குகிறாள், கடைசியில் சிட்னியில் வேறு பெயரில் குடியேறுகிறாள். லோர்னா அதுவரை சிரித்துக்கொண்டேதான் படித்தாள். அதற்குப் பிறகு ஒரு மீன் கடை வந்தது. அதைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூடத்து நூலகம்தான் ஊருக்கும் நூலகம். காலையிலிருந்து வடக்குக் காற்று வீசி, அறுவடை முடிந்த கோதுமை வயல்களின் மண்ணையெல்லாம் அள்ளிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே நாலே பேர். புழுதிக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை.

எல்ஸ்பெத் தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்றதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவள். எதிரே அவளிடம் படித்து அடி வாங்கிய நெவில், இப்போது சிப்பி வளர்க்கிறவன். ஒரு வாளிச் சிப்பியை மேஜைக்கே கொண்டுவந்து குட்டைக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டிருந்தான். பக்கத்தில் முடி திருத்தும் கடைக்காரி ஜெனீன். ஊரில் பாதித் தலைகள் அவள் கைக்குள், மீதித் தலைகளின் விவகாரம் அவள் வாய்க்குள்.

“நெவில், அந்தக் கத்தியைக் கீழே வை. ஆரம்பிக்கணும்,” என்றாள் எல்ஸ்பெத்.

“சிப்பி இல்லாம எப்படி டீச்சர் இலக்கியம் பேசறது?”

“இது இலக்கியம்னு யாருடா சொன்னா? முதல்ல அந்த முதலைக்கு வருவோம். ஒருத்தி முதலை முதுகுல பெல்ட்டால தன்னைக் கட்டிக்கிட்டு ஆத்தைக் கடக்கறா. அதுவும் டாக்ஸி மாதிரி இறக்கி விட்டுட்டுப் போகுது. காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

“அது சாப்பிட்டு முடிச்ச முதலை டீச்சர். தெளிவா எழுதியிருக்காரு. நீங்க பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிச்சிருக்கீங்க.”

“நான் ஒரு எழுத்து விடலை. அதுதான் என் தலையெழுத்து.”

“எனக்கு ஹெலிகாப்டர்தான்,” என்றாள் ஜெனீன். “அடுப்புல ரொட்டி கருகிப் புகை வந்தப்போகூட ஹெலிகாப்டர்லதான் புகைன்னு நினைச்சேன். அப்படி ஒரு விறுவிறுப்பு!”

வட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசியில் ‘வைக்கலாமா, தள்ளலாமா’ என்று கை தூக்குவார்கள். வைத்தால் புத்தகம் நூலக அலமாரியில் ஏறும், அதே ஆளின் அடுத்த புத்தகமும் வரும். தள்ளினால் பழைய சாமான் கடைக்குப் போகும். சரிசமமாகப் பிரிந்தால் எல்ஸ்பெத் சொன்னதுதான் தீர்ப்பு. ஆகவே நெவிலுக்கு லோர்னாவின் கை தேவைப்பட்டது.

“முதலையைக்கூட மன்னிச்சுடறேன்,” என்றாள் எல்ஸ்பெத். “முதலை எப்படி நடந்துக்கும்னு எனக்குத் தெரியாது. மனுஷங்களைத் தெரியும். அந்த மீன் கடை சமாசாரம் இருக்கே, அதை மட்டும் மன்னிக்கவே முடியாது.”

மீன் கடை சமாசாரம் இதுதான். மெல்போர்னில் வளர்ந்த அந்தப் பெண், சிட்னியில் பொரித்த மீன் விற்கும் ஒரு கடையில் நின்று, உருளைக்கிழங்கு வில்லையை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டத்தைக் கேட்கிறாள். ‘ரெண்டு பொட்டேட்டோ கேக்’ என்கிறாள். அது மெல்போர்ன் பேச்சு, சிட்னியில் அதற்குப் பெயர் ஸ்காலப். பக்கத்தில் சாஸ் புட்டியோடு நின்ற கொலைகாரன் நிமிர்ந்து பார்க்கிறான். அத்தனை சாகசத்திலும் பிடிபடாதவள் அந்த ஒரு சொல்லில் பிடிபடுகிறாள்.

“அதுதான் டீச்சர் புத்தகத்துலயே உசத்தியான இடம்!” நெவில் சிப்பியை வாயில் கவிழ்த்தான். “எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.”

“அபத்தம். வரிசையில நிக்கறவன் எவன்டா அடுத்தவ என்ன சொல்றான்னு காதைத் தீட்டிக்கிட்டு நிப்பான்? ஒரு வார்த்தையை வச்சு ஆளையே பிடிச்சுட முடியுமா?”

“லோர்னாவைக் கேளுங்க. என்னம்மா, நீ என்ன சொல்றே?”

லோர்னாவுக்கு எல்ஸ்பெத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முடியாது என்று சொல்லுங்கள் டீச்சர், இன்னும் பலமாகச் சொல்லுங்கள். “எனக்கும் நம்பிக்கை இல்லை,” என்றாள், குரல் சாதாரணமாக வந்ததில் திருப்திப்பட்டுக்கொண்டு. “மனுஷங்களுக்கு அவங்கவங்க பாடே பெரும்பாடா இருக்கு. யாரு கேக்கறா இதெல்லாம்?”

“நான் கேப்பேன்டி,” என்றாள் ஜெனீன். “நாள் பூரா கேக்கறதுதானே என் பொழைப்பு? இரு, இப்பவே பரீட்சை வைக்கலாம். ரொட்டிக்கு நடுவுல வைப்போமே, ரோஸ் கலர்ல தடியா ஒரு சாசேஜ், கறிக்கடைக்காரன் பிள்ளைங்களுக்கு ஒரு துண்டு சும்மா குடுப்பானே. அதுக்கு நம்ம ஊர்ல ஃப்ரிட்ஸ். உங்க பெர்த்துல என்ன கண்ணு?”

ஆட்டுக்குட்டியைப் பட்டிக்குள் ஓட்டுகிற மாதிரி இருந்தது. மூன்று முகங்களும் அவளையே பார்த்தன. ஆனால் இந்தக் கேள்விக்கு லோர்னா தயாராக இருந்தாள். இதற்காகவே எத்தனையோ நாள் பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள்.

“போலனி,” என்றாள்.

“கரெக்ட்டு! என் மாமியார் பெர்த்துக்காரி, அப்படித்தான் சொல்வா,” என்று ஜெனீன் கையைத் தட்டினாள்.

லோர்னாவுக்கு உடம்பே இலேசாகிவிட்டது. பரீட்சையில் தேறியாயிற்று. ஒரு சிப்பியைக்கூட எடுத்துச் சாப்பிட்டாள். மீன் கடைப் பூதம் போயே போய்விட்டது என்று நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே புழுதி தாழ்வாரத்துக்குள்ளேயே புகுந்து, வகுப்பறை வாசலில் வரிசையாக மாட்டியிருந்த பிள்ளைகளின் பைகளை மூடிக்கொண்டிருந்தது. காலையில்தான் ஐவியின் பையில் புது நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள்.

“ஐயோ, பிள்ளைங்க போர்ட் எல்லாம் மண்ணாப் போகுதே,” என்றாள்.

எல்ஸ்பெத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “என்ன சொன்னே?”

“மண்ணு… பைங்க மேல…”

“பைன்னு சொல்லலை. போர்ட்னு சொன்னே.” எல்ஸ்பெத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வார்த்தை என்றால் அவளுக்குச் சர்க்கரை. “சின்ன வயசுல நான் மவுண்ட் ஐசாவுல ஒரு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். அங்கதான் பள்ளிக்கூடப் பைக்கு போர்ட்னு பேரு. குயின்ஸ்லாந்துல மட்டும்தான்! வேற எங்கயும் சொல்லி நான் கேட்டதில்லை.”

நெவில் மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினான். சிப்பி ஓடுகள் துள்ளின.

“பிடிச்சாச்சு! ஒரே வார்த்தை! டீச்சர், நீங்களே பிடிச்சிட்டீங்க, உங்க வாயாலயே நீங்க தோத்தாச்சு!”

எல்ஸ்பெத்தும் சிரித்தாள், தோற்றதில் கொஞ்சம்கூட வருத்தமில்லாமல். ஜெனீன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லோர்னாவும் சிரித்தாக வேண்டியிருந்தது, சிரித்தாள். “எங்க அம்மா அந்தப் பக்கம். அவங்க சொல்லிச் சொல்லி ஒட்டிக்கிச்சு,” என்றாள். நல்ல பொய். அளவான பொய். எல்லாரும் நம்பினார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வேடிக்கையான கதை ஒன்று பிறந்துவிட்டால் அதற்குக் கால் முளைத்துவிடும் அல்லவா?

“அடி ஆத்தி, நாளைக்குக் கடையில முதல் கதையே இதுதான்,” என்றாள் ஜெனீன். “காலையில மார்னி வர்றா, முடியில சுருள் வைக்க. சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியோட சாய்வா பாரு.”

மார்னியின் புருஷன் ஆடு மாடு விற்றுக்கொடுக்கும் தரகன். நாடு முழுக்க இருக்கிற ஏலச் சந்தைகளோடு நாள் பூரா போனில் பேசுகிறவன். வேட் அந்தச் சந்தைகளில் ஏலம் விடுகிறவன்; தரகர்கள் உலகத்தில் அவனைத் தெரியாத ஆள் இல்லை. பெர்த் என்று சொல்லிக்கொண்டு குயின்ஸ்லாந்து வார்த்தை பேசுகிற ஒருத்தி, எட்டு வயதுப் பெண்ணோடு, இங்கே. மார்னி சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

“ஜெனீன், இதை வெளியில சொல்ல வேண்டாமே,” என்றாள் லோர்னா.

“ஏன்டி? எவ்வளவு நல்லாருக்கு!”

“வேண்டாம்னா வேண்டாமே.”

“அட, வெட்கப்படறாளே! இதுல என்னடி இருக்கு? உங்க அம்மா குயின்ஸ்லாந்துன்னு சொன்னா தலையையா வாங்கிடுவாங்க?”

கெஞ்சக் கெஞ்ச ஜெனீனின் கண்ணில் ஆர்வம் கூடிக்கொண்டே போவதை லோர்னா பார்த்தாள். இன்னொரு தடவை ‘வேண்டாம்’ என்றால் கதைக்கு இன்னும் காரம் ஏறும். அதைக் கொல்ல ஒரே வழிதான் இருந்தது, அதிலிருந்த சிரிப்பை எடுத்துவிடுவது. சிரிப்பை எடுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் வேலி.

“என் புருஷன் சாகலை,” என்றாள்.

சொல்லத் தெரியாமல் சொன்னாள். முதலில் லாரியைச் சொன்னாள், பிறகு கல்யாணத்தைச் சொன்னாள், நடுவில் கோர்ட்டைச் சொல்லி மறுபடி லாரிக்கு வந்தாள். விருந்துக்கு ஆள் வந்தால் வேட் அவளை ஒரு நாற்காலியில் ஏற்றி நிறுத்தி ஏலம் விடுவான், பல்லைப் பாருங்கள், குளம்பைப் பாருங்கள் என்று. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆட்கள் போன பிறகு, போதிய அளவு சிரிக்கவில்லை என்று, ஆடு ஏற்றும் வண்டிக்குள் தள்ளி அடைத்துவிடுவான். ஒரு தடவை ஐவியையும் சேர்த்து அடைத்தான். கோர்ட்டில் அதைச் சொன்னபோது வக்கீலே நம்பாமல் பார்த்தார். ஊரே அவனுக்குச் சாட்சி சொன்னது. ஒரு நாள் சந்தையில், தெற்கே போகிற ஆட்டு லாரி ஓட்டி வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கழுத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு ‘ஏறு’ என்றாள். இருக்கைக்குப் பின்னால் ஓட்டுநர் படுக்கிற பெட்டியில் தாயும் மகளும் ஒளிந்து, மேலே போர்வையைப் போட்டுக்கொண்டு, இரண்டு மாநிலம் தாண்டி வந்து சேர்ந்தார்கள்.

முடித்ததும் ஜெனீன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“கண்ணு,” என்றாள் ஜெனீன். முகத்தில் ரத்தமே இல்லை. “நான் சொல்ல மாட்டேன்டி. சத்தியமா. ஆனா என் வாயை எனக்குத் தெரியும். அதான் எனக்கே பயமா இருக்கு.”

நெவில் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். யாரையும் பார்க்கவில்லை.

“நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றான். “தப்பா எடுத்துக்காதேம்மா. இது கொஞ்சம்… லாரிக்குள்ள ஒளிஞ்சு, போர்வையைப் போட்டுக்கிட்டு. பான்ஃபீல்ட் எழுதினாக்கூட யோசிச்சுத்தான் எழுதுவாரு. அந்த மனுஷனுக்கும் ஒரு பக்கம் இருக்குமில்ல? ஊரே நல்லவன்னு சொல்லுதுன்னு நீயே சொல்றே. என் பையன் அடிலெய்டுல அவங்க அம்மாகூட இருக்கான். வருஷத்துல ரெண்டு தடவை பாக்கறேன். அவ கோர்ட்டுல என்னைப் பத்திச் சொன்னதைக் கேட்டா நீங்கல்லாம் என்கூட உக்காந்து சாப்பிட மாட்டீங்க. ஒண்ணுகூட நிஜமில்லை.”

லோர்னாவுக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது. நம்புவான் என்றால் இவன்தான் நம்புவான் என்று நினைத்திருந்தாள். எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்கிற மனுஷன்.

“நான் நம்பறேன்,” என்றாள் எல்ஸ்பெத்.

“நீங்களா டீச்சர்?”

“நாப்பது வருஷமா பொய் கேட்டிருக்கேன்டா, உன்னோடதையும் சேர்த்து. பொய் சொல்றவங்க கோர்வையாச் சொல்வாங்க. இவ்வளவு மோசமா ஒரு கதையை யாரும் கட்ட மாட்டாங்க.” அவள் குரல் உயர்ந்தது. “முதலையை நம்பினியேடா! ஹெலிகாப்டரை நம்பினே! உன் எதிர்ல உக்காந்திருக்கறவளை நம்ப முடியலையா உனக்கு?”

நெவிலின் காது சிவந்துவிட்டது. பழைய வகுப்பறையில் நிற்பவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

“அது கதை டீச்சர். முதலையை நம்பறதுக்கு எனக்கு என்ன செலவு? புத்தகத்தை மூடினா முடிஞ்சுது. இதை நம்பினா, நான் ஏதாவது செய்யணும்.”

பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தது. புத்தகத்துக்கு யாரும் கை தூக்கவில்லை. அது வாளிக்குப் பக்கத்தில் சிப்பித் தண்ணீரில் நனைந்து கிடந்தது.

லோர்னா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடி, ஐவியை அணைத்தபடி காருக்கு வந்தாள். உடனே கிளம்பிவிட வேண்டும் என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு துணியை எடுத்துக்கொண்டு, மார்னி அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் வேறு ஊருக்கு, வேறு பெயருக்கு. ஐவிக்கு இது மூன்றாவது பெயராக இருக்கும். பிள்ளை இந்தப் பெயரில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. நினைத்ததும் அழுகை வந்தது. காரைக் கிளப்பினாள். பின்னால் ஒரு வண்டி குறுக்கே நின்று வழியை மறித்தது. நெவிலின் வண்டி.

அவன் நூலகத்திலிருந்து வந்து தன் வண்டியில் ஏறினான். இன்ஜின் உறுமியது. நகர்ந்து வழி விட்டான். லோர்னா காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பியபோது, இரண்டு ஜன்னலும் நேருக்கு நேர் வந்தன. அவன் கண்ணாடியை இறக்கி, இவளையும் இறக்கும்படி கையைக் காட்டினான். புழுதி உள்ளே அடித்தது.

“ஆள் எப்படி இருப்பான்?” என்றான்.

“என்ன?”

“உன் புருஷன். ஊருக்குள்ள வந்தா அடையாளம் தெரியணுமில்ல? நாளைக்குக் காலையில அந்த மார்னி புருஷனையும் பாத்து ஒரு வார்த்தை பேசணும், கதை அவன் காதுக்குப் போறதுக்கு முன்னாடி. சின்ன வயசுலருந்து தெரியும் அவனை. உன் ஆளு எப்படி இருப்பான்னு சொல்லு.”

இது எதற்கான கேள்வி என்று லோர்னாவுக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் பக்கம் நிற்கக் கேட்கிறானா, அந்த இன்னொரு பக்கத்தைக் கேட்டறியக் கேட்கிறானா? அவன் முகத்தையே பார்த்தாள். தூசிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தான். ஓடிவந்த நாளிலிருந்து வேட் எப்படி இருப்பான் என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை.

“உயரமா இருப்பான்,” என்றாள். “சிரிச்ச முகம். கூச்சமில்லாம வந்து கை குடுப்பான். உன் சிப்பியை ருசி பார்த்துட்டு, இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லைம்பான். உன் பையனைப் பத்தி விசாரிப்பான். அவனை உனக்கு ரொம்பப் பிடிச்சுப் போகும் நெவ். எனக்கு அதுதான் பயம்.”

நெவில் இன்ஜினை அணைத்தான்.

“இன்னும் சொல்லு,” என்றான்.